செவ்வாய்க்கிழமை மேசை: பூல் லீக் கேள்வி – பதில்

மேசையில் க்யூ என்ற கோலால் பந்துகளை அடித்துப் பாக்கெட்டில் விழவைக்கும் பூல் ஆட்டத்தின் லீக் பற்றிச் சென்ற இதழில் எழுதிய பிறகு வந்த கடிதங்களில் ஷாட் அடிப்பதைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. எதிரணி வராவிட்டால் என்ன செய்வது, மேசையருகே யார் பேசலாம், தகராறு வந்தால் யார் சொல்வது இறுதி என்றுதான் பெரும்பாலானோர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது மகிழ்ச்சி. வேலை முடிந்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும் வந்து சேரும் பத்துப் பேர், நடுவரே இல்லாமல் ஒரு வாரநாள் இரவை முகம் கோணாமல் ஆடி முடிக்க வேண்டும். நியூ ஜெர்சியில் செவ்வாய்க்கிழமை அணி ஒன்றுக்குக் கேப்டனாகவும், எங்கள் டிவிஷனின் பிரதிநிதியாகவும் இருக்கிறேன். எனக்குப் பெரிதாகப் படுவது அந்த இரவுதான்.

வேறாகச் சொல்லாத இடங்களில் நான் குறிப்பிடுவது ஏபிஏ விதிகளை, அதாவது அமெரிக்கன் பூல்பிளேயர்ஸ் அசோசியேஷனின் எட்டுப் பந்து ஆட்ட விதிகளை (தன் பங்கு ஏழு பந்துகளையும் போட்டுவிட்டு எட்டாம் எண் பந்தைப் போடுபவர் ஜெயிக்கும் ஆட்டம்). டெர்ரி பெல், லாரி ஹப்பர்ட் என்ற இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்கள் 1979-ல் தொடங்கியது அது. அணியில் எட்டுப் பேர் வரை இருக்கலாம். ஓர் இரவில் ஐந்து பேர் ஆடுவார்கள். ஒவ்வொரு ஊரிலும் துணை விதிகள் உண்டு, அவற்றையும் வாங்கிப் படித்துவிடுங்கள்.

கேள்வி: அக்கா, எங்கள் ஆட்டம் இரவு 7 மணிக்கு. போன வாரம் எதிரணியில் ஒருவர் மட்டும் வந்திருந்தார், அவரும் கேப்டன் இல்லை. 7:15 ஆனதும் எங்கள் கேப்டன் முதல் ஆட்டத்தை ஃபோர்ஃபிட், அதாவது எதிரணி வராததால் எங்களுக்கே வெற்றி, என்று எழுதிவிட்டார். மற்றவர்கள் 7:20-க்கு ஓடி வந்தார்கள். அன்று முழுக்க யாரும் யாரோடும் பேசவில்லை. நாங்கள் செய்தது சரியா?
– வாசகர், டல்லாஸ்

பதில்: தம்பி, 15 நிமிடக் கெடு விதியில் இருப்பதுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. ஒருவர் வந்திருந்தார் என்கிறீர்கள். அப்படியானால் ஃபோர்ஃபிட்டுக்கு அங்கே வேலையே இல்லை. ஐந்து பேரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஆட்டம் தொடங்க வேண்டும் என்று எந்த விதியும் கேட்கவில்லை. அந்த ஆட்டத்தில் ஆட வேண்டியவர் இருந்தால் போதும். அவரையே முதல் ஆளாக இறக்கச் சொல்லி, உங்கள் பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, முதல் அடி யாருக்கு என்று தீர்மானிக்கும் லேக் அடித்துத் தொடங்கியிருக்கலாம். முதல் ஆட்டம் முடிவதற்குள் மற்றவர்கள் வந்திருப்பார்கள்.

கேப்டன் இல்லாததால் அந்த ஒருவருக்கு ஆளை இறக்கும் அதிகாரம் தனக்கு உண்டா என்று தெரிந்திருக்காது. கேப்டன் வர முடியாத நாளில் அவருக்குப் பதிலாக யார் என்பதை அணி முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். எங்கள் அணியில் எல்லாரிடமும் அன்றைய ஆட்டக்காரர் பட்டியலும், ஒவ்வொருவருக்கும் லீக் தரும் திறன் எண்ணான ஸ்கில் லெவலும் கைபேசியில் இருக்கும். கேப்டன் ரயிலில் மாட்டிக்கொண்டாலும் ஆட்டம் மாட்டிக்கொள்ளாது.

நால்வர்தான் தேறுவார்கள் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஐவர் ஆடும்போது ஸ்கில் லெவல்களின் கூட்டுத்தொகை 23-ஐத் தாண்டக் கூடாது. நால்வரோடு ஆடினால் 19. ஐந்தாவது ஆட்டம் மட்டும் எதிரணிக்குப் போகும். கேப்டன்கள் மாலை ஐந்து மணிக்குள் ஒருவருக்கொருவர் ஒரு வரி அனுப்பிக்கொண்டால் இதில் யாருக்கும் மனவருத்தம் வராது. "எங்களுக்கு இன்று நான்கு பேர்தான், ஒருவர் 7:30-க்கு வருவார்." இவ்வளவு போதும். அந்தச் செய்தி வந்த நாட்களில் நான் ஃபோர்ஃபிட் கேட்டதில்லை, என்னிடமும் யாரும் கேட்டதில்லை.

கேள்வி: எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் ஏழு அணிகள் சேர்த்து ஒரு லீக் நடத்துகிறோம். மூன்று மேசை உள்ள இடம் வியாழன்தோறும் கிடைத்திருக்கிறது. அட்டவணையை நான்தான் போடுகிறேன். கையால் எழுதினால் ஒரு அணிக்கு இரண்டு ஓய்வு வாரம் வருகிறது, இன்னொன்றுக்கு வருவதே இல்லை. மூன்றாம் மேசையின் துணி தேய்ந்திருக்கிறது, எப்போதும் எங்களுக்கே அது வருகிறது என்று ஒரு அணி முறையிடுகிறது. உதவுங்கள் அக்கா.
– வாசகி, எடிசன்

பதில்: தங்கச்சி, இந்தக் கேள்விக்கு நான் இடம் பார்க்காமல் எழுதப்போகிறேன். அட்டவணை போடுகிறவருக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. ஆனால் அது கோணலாக இருந்தால் மற்ற எந்த விதியாலும் அதை நிமிர்த்த முடியாது.

ஒரு வட்ட மேசையைச் சுற்றி 1 முதல் 7 வரை அணிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பதாக வரைந்துகொள்ளுங்கள். முதல் வாரம் 1-ஆம் அணிக்கு ஓய்வு. அதன் இரு பக்கத்திலும் அடுத்து இருக்கும் 2-ம் 7-ம் ஒன்றோடொன்று ஆடட்டும். அதற்கடுத்த சுற்றில் இருக்கும் 3-ம் 6-ம் ஒரு ஜோடி. எஞ்சிய 4-ம் 5-ம் ஒரு ஜோடி. இரண்டாம் வாரம் 2-க்கு ஓய்வு. அதன் பக்கத்தில் இருப்பவை 1, 3. அடுத்து 7, 4. அடுத்து 6, 5. மூன்றாம் வாரம் 3-க்கு ஓய்வு. 2–4, 1–5, 7–6. இப்படியே 7 வாரம் போனால் ஒவ்வொரு அணியும் மற்ற ஆறோடும் ஒரே ஒரு முறை ஆடியிருக்கும், ஒரே ஒரு வாரம் ஓய்வெடுத்திருக்கும். மொத்தம் 21 ஆட்டம், வாரத்துக்கு மூன்று. உங்கள் மூன்று மேசைக்கு அளவெடுத்தது போல் பொருந்துகிறது.

இப்போது அந்தத் துணி தேய்ந்த மேசை. ஓய்வெடுக்கும் அணிக்கு மிக அருகில் இருக்கும் ஜோடியை முதல் மேசையில் போடுங்கள். அடுத்த ஜோடி இரண்டாம் மேசை. வட்டத்தின் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் ஜோடி மூன்றாம் மேசை. ஏழு வாரமும் இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். கடைசியில் எண்ணிப் பாருங்கள்: ஒவ்வொரு அணியும் ஒவ்வொரு மேசையிலும் சரியாக இரண்டு முறை ஆடியிருக்கும். முறையிடும் அணியிடம் அந்தத் தாளைக் கொடுத்து அவர்களையே எண்ணச் சொல்லுங்கள். நீங்கள் விளக்கம் சொல்லவே வேண்டாம்.

ஓய்வு வாரத்துக்குப் புள்ளி கொடுக்கலாமா என்று அடுத்து கேட்பார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு ஓய்வு வரும்போது புள்ளி எதற்கு? கொடுக்க வேண்டாம். நடுவில் ஓர் அணி விலகிப்போனால் மட்டும் இதை மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும். அதனால் அப்போது என்ன செய்வது என்பதை லீக் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். என் கருத்து: பாதி ஆட்டங்களுக்கு முன்பே விலகினால் அந்த அணியோடு ஆடிய ஆட்டங்களை எல்லாருக்கும் நீக்கிவிடலாம். அதற்குப் பிறகு என்றால் ஆடியது நிற்கட்டும், மீதியை ஓய்வு வாரமாக எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு சுற்று வைத்தால் 14 வாரம். நீங்கள் வியாழக்கிழமை ஆடுவதால் நவம்பரின் நான்காம் வியாழனைத் தேங்க்ஸ்கிவிங்குக்காக முதலிலேயே அடித்துவிடுங்கள். தமிழ்ச் சங்கம் என்பதால் தீபாவளியையும் பாருங்கள். அது வியாழனில் விழாவிட்டாலும், முந்தைய நாள் இரவு வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கும்போது யாரையும் பூல் ஆடக் கூப்பிடக் கூடாது. இதற்கு மேல் ஏழாம் வாரத்துக்குப் பிறகு ஒன்றும், கடைசியில் ஒன்றுமாக இரண்டு காலி வாரம் விடுங்கள். பனி கொட்டினாலும், இடத்துக்காரர் அன்றைக்கு வேறு விழாவுக்கு மேசையைக் கொடுத்துவிட்டாலும் அவை கைகொடுக்கும்.

தள்ளிவைக்கும் ஆட்டங்கள் பற்றி ஒரு விதி வையுங்கள், அதில் கறாராக இருங்கள். மாற்ற விரும்பும் அணி 48 மணி நேரத்துக்கு முன் எதிரணிக் கேப்டனிடமும் உங்களிடமும் சொல்ல வேண்டும். அப்போதே மாற்று நாளையும் சொல்ல வேண்டும். "பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று விட்ட ஆட்டங்கள் கடைசி வாரத்தில் குவியும். அப்போது முதலிடம் யாருக்கு என்பது தெரிந்துவிட்டிருக்கும், சிலருக்கு ஆட மனமிருக்காது, சிலருக்கு அதுவே எல்லாமாக இருக்கும். கூடுமானவரை மாற்று ஆட்டத்தை அட்டவணை நாளுக்கு முன்பே ஆடச் சொல்லுங்கள்.

கேள்வி: அக்கா, என்ர வெள்ளைப் பந்து என்ர பந்தில முதல் பட்டதா, எதிராளியின்ர பந்தில முதல் பட்டதா எண்டு பெரிய சண்டையாப் போச்சு. அவர் ஃபவுல் எண்டார், நான் இல்லை எண்டன். இரண்டு அணியும் கத்தி, கடைசியில காசு சுண்டித் தீர்த்தம். இப்ப நாங்கள் இரண்டு பேரும் கதைக்கிறதே இல்லை.
– வாசகர், ஸ்கார்பரோ

பதில்: காசு சுண்டியிருக்கக் கூடாது. அந்த நேரத்துக்கும் விதி இருக்கிறது: முன்கூட்டி யாரையும் பார்க்கச் சொல்லாத நிலையில் சந்தேகத்தின் பலன் ஷாட் அடித்தவருக்கு. கனடாவில் லீக் கனடியன் பூல்பிளேயர்ஸ் அசோசியேஷன் என்ற பெயரில் நடந்தாலும் அங்கேயும் விதி இதுவேதான்.

இரண்டு பந்துகள் ஒட்டினாற்போல் நிற்கும்போது வரப்போகும் சந்தேகம் எல்லாருக்கும் கண்ணில் தெரியும். அந்த நேரத்தில் எதிராளி எழுந்து, "கொஞ்சம் பொறுங்கள், ஒருவர் பார்க்கட்டும்" என்று சொல்ல வேண்டும். அடிக்கிறவரும் பொறுக்க வேண்டும். இரு கேப்டன்களும் ஒத்துக்கொண்ட ஒருவர், முடிந்தால் பக்கத்து மேசையில் ஆடும் வேறு அணிக்காரர், பந்துகள் முதலில் தொடும் இடம் தெரியும் பக்கத்தில் நின்று பார்ப்பார். அவர் சொன்னதே முடிவு. ஷாட் அடித்து முடிந்த பிறகு அறையில் இருக்கும் அத்தனை பேரும் "நான் பார்த்தேன்" என்பார்கள். அதில் ஒன்றுக்கும் மதிப்பில்லை, ஏனென்றால் ஒவ்வொருவரும் தன் அணிக்குச் சாதகமாகவே பார்த்திருப்பார்.

அடித்தவருக்கே தெரியும், தம்பி. பெரும்பாலும் கைக்குத் தெரிந்துவிடும், வெள்ளைப் பந்து போகும் போக்கிலும் தெரியும். ஃபவுல் என்று தெரிந்தால் எதிராளி வாய் திறக்கும் முன் பந்தை எடுத்து அவர் கையில் கொடுப்பவர்களோடு ஆடியிருக்கிறேன். அவர்கள் வேறொரு நாள் "இல்லை, நல்ல ஷாட்தான்" என்று சொன்னால் எங்கள் டிவிஷனில் யாரும் மறுபேச்சு பேசுவதில்லை. நீங்கள் அன்றைக்கு உண்மையாகவே ஃபவுல் இல்லை என்று நம்பினால் அது நல்ல ஷாட். அதற்காக அந்த நண்பரை இழக்க வேண்டாம். அடுத்த ஆட்டத்துக்கு முன் நீங்களே போய், "இனி சந்தேகம் வந்தால் முதலிலேயே ஆளைக் கூப்பிடுவோம்" என்று சொல்லிவிடுங்கள்.

கை பட்டு வேறு பந்து அசைந்துவிட்டால் என்ன என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். வெள்ளைப் பந்து தவிர மற்றவை தற்செயலாக அசைந்தால் ஏபிஏவில் ஃபவுல் இல்லை. எதிராளி அதை இருந்த இடத்தில் வைத்த பிறகு ஆட்டத்தைத் தொடரலாம்.

கேள்வி: எட்டாம் பந்தை அடிக்கும்போது வெள்ளைப் பந்து பாக்கெட்டில் விழுந்தது, எட்டு விழவில்லை. தோற்றுவிட்டதாகச் சொன்னார்கள். அதே இடத்தில் திங்கட்கிழமை லீக்கில் வெறும் ஃபவுல்தான் என்கிறார்கள். எது சரி?
– வாசகர், சிகாகோ

பதில்: இரண்டும் சரி. ஏபிஏவில் எட்டை அடிக்கும்போது ஸ்கிராட்ச் ஆனால், அதாவது வெள்ளைப் பந்து பாக்கெட்டில் விழுந்தால், அந்த ரேக் (பந்துகளை அடுக்கி ஆடும் அந்த ஒரு சுற்று) போச்சு. உலக பூல்-பில்லியர்ட் சங்கத்தின் விதிகளில் எட்டு மேசையிலேயே இருந்தால் எதிராளிக்குப் பால் இன் ஹேண்ட் மட்டும், அதாவது வெள்ளைப் பந்தை விரும்பிய இடத்தில் வைத்து அடிக்கலாம். பிரேக்கில், அதாவது ரேக்கின் முதல் அடியில், எட்டு விழுவதும் இப்படித்தான். ஏபிஏவில் ஸ்கிராட்ச் இல்லாவிட்டால் வெற்றி, உலக விதியில் வெற்றி இல்லை. இன்னொன்று, ஏபிஏவில் மற்ற பந்துகளுக்குப் பாக்கெட் சொல்ல வேண்டியதில்லை, எட்டுக்கு மட்டும் பாக்கெட்டின் அருகில் ஒரு அடையாளம் வைத்தாக வேண்டும். கையை நீட்டிக் காட்டினால் போதாது. திங்களும் செவ்வாயும் இரண்டு லீக்கில் ஆடுகிறவர்கள் எங்கள் ஊரிலும் நிறைய. லேக் அடிக்கும் முன் "இன்று எந்த விதி" என்று ஒரு முறை சொல்லிக்கொள்வது நல்லது.

கேள்வி: நான் புதிதாகச் சேர்ந்தவள், ஸ்கில் லெவல் 2. என் கணவரும் அதே அணி, அவர் 6. நான் ஒவ்வொரு ஷாட்டுக்கும் குனியும்போது நாற்காலியில் இருந்து "அது வேண்டாம், இதை அடி" என்கிறார். எதிரணி முறைக்கிறது. எனக்கு ஆடவே பிடிக்காமல் போகிறது.
– வாசகி, அட்லாண்டா

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை உங்கள் கணவர் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

யோசனை சொல்ல ஏபிஏவில் முறை இருக்கிறது, அதற்குப் பெயர் டைம்-அவுட். ஸ்கில் லெவல் 3 வரை உள்ளவர்களுக்கு ஒரு ரேக்குக்கு இரண்டு, 4-ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். அணியில் ஒருவர் எழுந்து வந்து மேசையருகே சொல்லலாம். டைம்-அவுட் வேண்டுமா என்று அணி கேட்டாலும் வேண்டாம் என்று மறுக்கும் உரிமை ஆடுகிறவருக்கு உண்டு. முடிவு உங்களுடையது. நாற்காலியில் இருந்து வரும் ஒவ்வொரு "அது வேண்டாம்" என்பதையும் எதிரணி டைம்-அவுட்டாகக் கணக்கில் எழுதச் சொல்லலாம். நிஜமாகவே தேவைப்படும்போது உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது.

உங்கள் கணவர் இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கட்டும். ஸ்கில் லெவல் 2-ல் இருக்கும் நீங்கள் ஒரு 6-ஐ எதிர்த்து ஆடினால் அவர் ஆறு ரேக் ஜெயிக்க வேண்டும், நீங்கள் இரண்டு ஜெயித்தால் போதும். புதிதாக வருகிறவரும் மரியாதையோடு மேசையில் நிற்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஹேண்டிகேப் முறை இருக்கிறது. அந்த இரண்டு ரேக்கை நீங்களே யோசித்து ஜெயித்தால்தான் நீங்கள் 3 ஆவீர்கள். ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்: நீங்கள் கண்ணால் அழைத்தால் மட்டும் அவர் வரட்டும். மற்ற நேரம் அவர் ஸ்கோர் ஷீட் எழுதட்டும், அதற்கு முழுக் கவனம் வேண்டும்.

கேள்வி: எதிரணியில் ஒருவர் வேண்டுமென்றே தோற்று லெவலைக் குறைத்து வைத்திருப்பதாக எங்களுக்குச் சந்தேகம். நேரடியாகக் கேட்கலாமா?
– வாசகர், சான் ஹோசே

பதில்: கேட்காதீர்கள். எழுதுங்கள். சாண்ட்பேகிங் என்ற குற்றச்சாட்டை வாயால் சொன்னால் அவமதிப்பாகிவிடும், ஸ்கோர் ஷீட்டில் எழுதினால் அது வெறும் கணக்கு. இரு அணிகளும் ஷீட் வைத்திருக்கிறீர்கள். பந்தைப் போட எண்ணமே இல்லாமல் அடித்த ஒவ்வொரு ஷாட்டையும் டிஃபென்ஸ் என்று குறியுங்கள். லேக்கில் தோற்றவரின் முறை முடியும்போதெல்லாம் ஓர் இன்னிங்ஸ் என்று விடாமல் எண்ணுங்கள். ஒவ்வொரு ரேக் முடிவிலும் இரண்டு ஷீட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். டிஃபென்ஸ் குறிக்காமல் விட்டால் வேண்டுமென்றே விட்ட ஷாட்டுகளும் திறமையின்மையாகக் கணக்கில் ஏறி, அவர் லெவல் இறங்கும். லீக்கை நடத்துகிறவர் லெவலைப் பார்ப்பது இந்தத் தாள்களை வைத்துத்தான். லாஸ் வேகஸில் நடக்கும் ஏபிஏவின் பெரிய போட்டிக்குப் போகும் ஆசை பலரையும் ஆட்டுவிக்கிறது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் குறைத்து வைத்த லெவலோடு வருகிறவர் எதிரில், நேர்மையாக ஏறிய ஒரு 4 நிற்க வேண்டியிருக்கிறது. அவருக்காக இந்தத் தாளைக் கவனமாக எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் ஆட்டம் நள்ளிரவு தாண்டுகிறது. காலை ஆறரைக்குப் பிள்ளையைப் பள்ளிப் பேருந்தில் ஏற்ற வேண்டும். இந்த சீசனோடு விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.
– வாசகி, ராலே

பதில்: விட வேண்டாம். நேரம் எங்கே போகிறது என்று ஓர் இரவு கடிகாரத்தோடு உட்கார்ந்து பாருங்கள். மெதுவாக ஆடுகிறவர் ஒருவர் இருப்பார், ஆனால் பெரும்பகுதி அவரிடம் போகாது. ஓர் ஆட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவேதான் போகும். ஆட்டம் முடியும், கை குலுக்குவார்கள், அடுத்து யார் என்று கேப்டன் கூட்டல் போட்டுப் பார்ப்பார், அழைக்கப்பட்டவர் வெளியே புகைத்துக்கொண்டிருப்பார், வந்து க்யூவின் துண்டுகளைப் பூட்டுவார். முதலில் ஆளை இறக்கும் முறை இரு அணிகளுக்கும் மாறி மாறி வருவதால் கேப்டன் எதிர்பாராதது போல் திணறத் தேவையில்லை. நடக்கும் ஆட்டம் கடைசி ரேக்குக்கு வந்ததுமே இன்னார் வந்தால் இன்னார் என்று இரண்டு பெயர் தயாராக இருக்க வேண்டும். அந்த இருவரும் மேசையருகே க்யூவோடு இருக்க வேண்டும்.

அடுத்து, இரண்டாம் மேசை. பக்கத்து மேசை காலியானதும் நான்காம் ஆட்டத்தையோ ஐந்தாம் ஆட்டத்தையோ அங்கே தொடங்கலாமா என்று உங்கள் கேப்டன் எதிரணியிடம் கேட்கட்டும். இதைப் பல ஊர்களின் துணை விதிகளே சொல்கின்றன. உங்கள் ஊரில் எந்த நேரத்துக்கு மேல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் மேசைகளில் காசு போட்டால்தான் பந்து இறங்கும் என்பதால், நான் ஒன்பது மணிக்கே இரண்டாம் மேசைக்கும் சில்லறை மாற்றி வைத்துவிடுவேன்.

மெதுவாக ஆடுகிறவரிடம் பேசுவதென்றால் அவர் ஷாட்டுக்குக் குனிந்திருக்கும்போது பேசாதீர்கள், அவர் பார்வைக்கு நேரே பாக்கெட்டின் பின்னால் போய் நிற்கவும் வேண்டாம். அது ஷார்க்கிங், ஆடுகிறவரின் கவனத்தைக் கலைப்பது. ரேக் முடிந்ததும் அவர் கேப்டன் வழியாகச் சொல்லுங்கள்.

பிள்ளை உள்ளவர்களை முதல் இரண்டு ஆட்டத்தில் இறக்கச் சொல்லி உங்கள் கேப்டனிடம் வாரத் தொடக்கத்திலேயே கேளுங்கள். நான் கேட்பவர்களுக்கு அப்படித்தான் செய்கிறேன். ஆடி முடித்து, ஷீட்டில் கையெழுத்துப் போட்டு, ஒன்பதரைக்குக் கிளம்பிவிடுவார்கள். மீதி மூன்று ஆட்டத்துக்கு ஆள் இருந்தால் போதும், அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.